வசந்தி அக்காவின் கொட்டிலில் நான் இருந்ததில்லை

1

என் மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. அவளோடு ஓர் இரவு வெளியில் படுத்து எழும்ப எனக்கு மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடத்தில் போகாமலிருக்க நான் சொன்ன முதல் இரண்டு சாட்டுகளையும் கேட்டால் ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். மூன்றாவதைக் கேட்டால் என்னோடு கதைப்பதையே விட்டுவிடுவீர்களோ தெரியாது. என்றாலும் எழுதுகிறேன். திருகோணமலையில் இதை வாசிக்கக்கூடிய சிலருக்கு இதை நான் சொல்லியாக வேண்டும்.

நோர்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கோடை முடிகிற நேரம் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இரவு படுக்க வைப்பார்கள். தண்டனை என்று நினைக்காதீர்கள், இங்கே அது கொண்டாட்டம். தாயோ தகப்பனோ ஒருவர் கூடப் போகவேண்டும். என் கணவர் லொறி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் தெருவில்தான் அவருக்குச் சீவியம். ஆகவே அது என் தலையில் விழுந்தது. முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாம் வருடம் வேலை என்றேன். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. நான் போகாததால் இரண்டு முறையும் ஆரணியும் போகவில்லை.

நிலத்தில் படுத்தால் இடுப்பு நோகும், பூச்சி ஊரும், இரவில் ஒன்றுக்குப் போவதென்றால் மரத்துக்குப் பின்னால் போகவேண்டும். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. வேலையிடத்தில் எனக்கு நொஸ்க் கதைக்க ஏலும். இங்கத்தைய மொழியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கிழங்கு அவிந்துவிட்டதா, ஆருக்கு உப்பில்லாத சாப்பாடு, இதெல்லாம் தடக்காமல் வரும். நெருப்பைச் சுற்றியிருந்து அவர்கள் பகிடி விடும்போது மட்டும் ஏலாது. எல்லோரும் சிரித்து முடிகிற நேரம்தான் நான் சிரிக்கத் தொடங்குவேன், அதுவும் விளங்கி அல்ல. ஒரு பிறந்தநாள் விழாவில் அப்படிச் சிரித்தபோது ஆரணி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்தப் பார்வையை விடிய விடிய வாங்கிக்கொண்டு இருக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் வருடம் வகுப்பாசிரியை இங்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். கோப்பி வார்த்துத் தந்தாள். "கூடாரம் என்றால் உங்களுக்குக் கஷ்டமா? வேறு நாடுகளிலிருந்து வந்த சில பெற்றோருக்கு அப்படி இருக்கிறது" என்று மெதுவாகக் கேட்டாள். சாட்டு ஒன்றும் கைவசம் இல்லாமல் போன எனக்கு அவளே ஒன்றை எடுத்து நீட்டியது போல இருந்தது.

"எங்கள் பக்கத்துச் சனம் சண்டை நேரம் இடம்பெயர்ந்து, கம்பு நட்டுத் தறப்பாள் கூரை போட்ட கொட்டில்களில் இருந்தது" என்றேன். அதுவரை உண்மை.

"நீங்களுமா?"

நான் யன்னலைப் பார்த்தேன். ஓம் என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். இன்னும் சொன்னேன். மழைக்குள் பாய் மிதந்தது என்றேன். காற்றடிக்கும்போது கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தோம் என்றேன். ஒன்றரை வருடம் என்றேன். சொல்லச் சொல்ல என் நொஸ்க் என்றைக்கும் இல்லாத அளவு நன்றாக வந்தது.

2

பொய்க்கு இங்கே நல்ல மரியாதை. அடுத்த வாரமே பள்ளிக்கூடத் தாதியிடமிருந்து கடிதம் வந்தது. மனம்விட்டுக் கதைக்க விரும்பினால் ஆள் ஒழுங்கு செய்து தருவார்களாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, ஆணா பெண்ணா, எந்த நாள் வசதி என்று கட்டம் கட்டமாகப் படிவம். நான் "தேவையில்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

கணவர் படிவத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அகதி விண்ணப்பம் போட்டு, நாங்கள் சொல்கிற பாசையில் கேஸ் குடுத்து, மூன்று விசாரணைக்கு ஏறி இறங்கி விசா எடுத்தவர். அங்கே என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

"நீர் ஸ்பொன்சரில பிளேனேறி வந்தனீர். உமக்கு ஒரு கேசும் இல்லை. இவ்வளவு வருசம் கழிச்சு இப்ப ஏனப்பா கேஸ் குடுக்கிறீர்?" என்றார். பகிடி போலத்தான் சொன்னார். அன்றிரவு சாப்பிடாமல் படுக்கப் போனார்.

இங்கா ஆரணிக்கும் சொல்லியிருக்கிறாள், அம்மாவைக் கரைச்சல் படுத்தாதே என்று. பிள்ளை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். "ஸொரி அம்மா, எனக்குத் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு அவள் காட்டுக்குப் போகிற கதையே எடுக்கவில்லை. விளையாட்டு உபகரணக் கடையில் கூடாரங்கள் விரித்து வைத்திருக்கும் பக்கம் வந்தால் எனக்கும் அவற்றுக்கும் நடுவில் வந்து நடப்பாள், என் கண்ணில் படாமல் மறைக்கிறாளாம். பிறந்தநாளுக்கு வாங்கிய படுக்கைப் பையைத் தன் கட்டிலுக்கு அடியில் விரித்து, சனிக்கிழமைகளில் அதற்குள் படுப்பாள். நான் கதவடியில் நின்று பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிப்பேன். அப்படிப்பட்ட தாய் நான்.

மாரிகாலத்தில் வகுப்பில் "என் குடும்பம்" என்று பேசவேண்டி வந்தது. ஆரணி என்னைத் தேர்ந்தெடுத்தாள். கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து குசினி மேசையில் என் முன்னால் இருந்து கேள்வி கேட்டாள். தறப்பாள் என்ன நிறம், எத்தனை பேர், தண்ணீர் எங்கே எடுப்பது, பயமாக இருந்ததா. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்தப் பதில் ஒன்றும் என்னுடையது இல்லை. எல்லாம் என் பெரியம்மாவின் மகள் வசந்தி அக்கா சொன்னது.

3

எங்கள் அம்மாவும் வசந்தி அக்காவின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அம்மா அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த அப்பாவைக் கட்டித் திருகோணமலை நகரத்தில் ஓர்ஸ் ஹில்லுக்கு வந்துவிட்டா. பெரியம்மா வெருகல் பக்கத்தில் கடல்தொழிலும் கொஞ்சம் வயலும் வைத்திருந்த குடும்பத்துக்குப் போனா. சண்டை அந்தப் பக்கத்தில் இறுகியபோது அவர்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, கடைசியில் மூதூருக்கு அங்கால் ஒரு வெளியில் தறப்பாளுக்குக் கீழே வந்து இருந்தார்கள். எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றியது. பயம் இருந்தது, சோதனை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கட்டிலில்தான் படுத்தேன்.

அப்பா அனுமதி எடுத்து, அலுவலக ஜீப்பில் என்னையும் அம்மாவையும் ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இருபது வயது, வசந்தி அக்காவுக்கு இருபத்துமூன்று. அவளுக்கு ஒரே தங்கச்சி சாந்தி, கடைக்குட்டி, பதினொரு வயது. நான் இறங்கியதிலிருந்து சாந்தி என் கையை விடவில்லை. என் நகப்பூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அரை நாளில் வசந்தி அக்கா எனக்கு எல்லாம் சொன்னாள், பாய் மிதந்ததும் கம்பைப் பிடித்ததும். பின்னேரம் வெளிக்கிடும்போது, "இண்டைக்கு ஒரு நாள் நில்லன் கலா, சாந்திக்கும் ஆசை" என்றாள். கக்கூசுக்கு முன்னால் நின்ற வரிசையை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். நாளைக்கு வகுப்பிருக்கு என்றேன். வகுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மாரியில் சாந்தி காய்ச்சலில் செத்துப்போனாள். அனுமதி எடுக்க ஏலாமல் போய்விட்டது என்று சொல்லி நாங்கள் போகவில்லை. அப்பா கேட்டுப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை.

4

இந்தக் கோடை விடுமுறைக்கு ஆரணியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஓர்ஸ் ஹில் வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது. வந்த மூன்றாம் நாளே ஆரணி, "அம்மா இருந்த இடத்தைப் பார்க்கவேணும், பெரியம்மாவையும் பார்க்கவேணும்" என்று தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பெரியம்மா முறையான வசந்தி அக்காவின் பெயரை நான்தானே அந்தக் குசினி மேசையில் சொல்லிக்கொடுத்தேன். இனி எங்கே ஒளிக்கிறது?

கிணற்றடியில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது பழைய ஊரில், கணவரோடு கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறாள்.

"அக்கா, ஆரணி ஏதும் கேட்டாள் எண்டா, நானும் உங்களோட கொட்டிலுக்க இருந்தனான் எண்டு சொல்லுங்கோ."

"ஏன்டி?"

"அது பெரிய கதை. பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கத்தில் அவள் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. "எவ்வளவு காலம் இருந்தனீ எண்டு சொல்லட்டும்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. சீத்தைத் துணி எத்தனை முழம் என்று கேட்பது போலக் கேட்டாள்.

"ஒண்டரை வருசம்."

"சரி, சொல்லுறன்."

கிண்ணியாப் பாலம், மூதூர், தோப்பூர் என்று வான் ஒன்று பிடித்துப் போனோம். கச்சான் காற்று அடித்துப் புழுதி பறந்தது. வழியெல்லாம் ஆரணி, இதுவா அந்த வெளி, இதுவா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வெறும் புல்வெளியைக் காட்டி ஓம் என்றேன். உண்மையில் எது என்று எனக்குத் தெரியாது. அவள் போனில் படம் எடுத்தாள்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆரணி வசந்தி அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள். அவளுடைய தமிழ் பாதியில் நின்று நின்றுதான் வரும், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். "அம்மா அங்க எப்பிடி இருந்தவ?"

வசந்தி அக்கா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உன்ர அம்மாவோ? நானும் அவளும் ஒரே பாய். நித்திரையில காலைத் தூக்கி என்ர வயித்தில போடுவாள். தண்ணி வரிசையில என்னை விட்டிட்டுக் குடத்தோட முன்னுக்கு ஓடுவாள். பிஸ்கட் குடுத்தா பாதியைத் திண்டிட்டு மிச்சத்தைத் தலையணைக்குக் கீழ வைப்பாள், எறும்பு வந்து ரெண்டு பேரையும் கடிக்கும். மழை வரமுன்னம் கொட்டிலைச் சுத்தி வாய்க்கால் வெட்டுறது நானும் அவளும்தான். கிழமைக்குக் கிழமை வெட்டுவம், மண் தூர்ந்துபோயிடும்."

ஆரணி சிரித்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன். இருபது வயதுப் பெண் பிஸ்கட்டைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கமாட்டாள். அது சாந்தி. நான் கேட்ட பொய்க்கு இடம் வேண்டுமென்று அக்கா தன் செத்துப்போன தங்கச்சியைப் பாயிலிருந்து எழுப்பிவிட்டு என்னைப் படுக்க வைத்திருந்தாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆரணி, "பெரியம்மா பக்கத்தில இருந்தா அம்மாக்குப் பயம் வராதுதானே? இண்டைக்கு மூண்டு பேரும் வெளியில படுப்பமா?" என்றாள். ஒரு வருடமாகக் கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்வி அது. நான் வாயைத் திறக்கமுன் வசந்தி அக்கா எழும்பிவிட்டாள்.

"வா மகள். எங்கட வாடியடியில தறப்பாள் கட்டிப் படுப்பம்" என்றாள்.

5

அக்காவின் கணவர் வலைகள் வைக்கிற வாடி கடலுக்கு நூறு அடி தள்ளி இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டோம். அக்கா நட்டாள், நாங்கள் பிடித்தோம். "உந்தப் பக்கத்தைக் கட்டு" என்று ஒரு கயிற்றை என்னிடம் தந்தாள். நான் பார்சல் கட்டுவது போல ஒரு முடிச்சுப் போட்டேன். காற்று ஒருமுறை உதறியது, தறப்பாளின் அந்த மூலை பறந்து ஆரணியின் முகத்தில் அடித்தது. அக்கா வந்து அதைப் பிடித்துக் கட்டினாள்.

பிறகு மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நான் பாயை எடுத்துக்கொண்டு வாறன். நீ சுத்திவர வெட்டு."

"என்னத்தையக்கா வெட்டுறது? மழை இல்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆரணி டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மத்தியானம் கேட்ட வாய்க்கால் அவளுக்கு நினைவிருந்தது. வெளிச்சம் என் கையிலிருந்து மெல்ல மேலே வந்து என் முகத்தில் நின்றது, பிறகு அணைந்தது.

வசந்தி அக்கா மண்வெட்டியைத் திருப்பி வாங்கினாள். "தறப்பாள் எண்டா வெட்டத்தான் வேணும். இல்லாட்டி எனக்கு நித்திரை வராது" என்று சொல்லி, காய்ந்த மணலில் ஒரு சாண் ஆழத்துக்கு நாலு பக்கமும் வெட்டி முடித்தாள். மூச்சு வாங்கவில்லை. கை தன்பாட்டில் போனது.

மூவரும் படுத்தோம். ஓரத்தில் அக்கா, நடுவில் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த படுக்கைப் பைக்குள் ஆரணி, மற்ற ஓரத்தில் நான். பூச்சி ஊர்ந்ததா, இடுப்பு நொந்ததா என்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. அக்கா நித்திரை என்று நினைத்து ஆரணி நொஸ்க்கில் கேட்டாள். பெரியம்மாவுக்கு விளங்கக்கூடாது என்றுதான் அந்த மொழியில் கேட்டாள். எனக்கு அது முழுக்க விளங்கியது.

"அம்மா, நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"அரை நாள். பார்க்கப் போனேன்."

"அப்படியென்றால் பெரியம்மாவின் பாயில் படுத்தது ஆர்?"

"சாந்தி. அவவின் தங்கச்சி."

"அவ எங்கே?"

"அங்கேயே செத்துப்போனா. உன்னுடைய வயது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் மூன்று முறை போகாமல் விட்டேன்" என்றாள். "மூன்றாம் முறை உங்களுக்காக விட்டேன்." பிறகு படுக்கைப் பையோடு எழும்பி, வசந்தி அக்காவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். அக்கா நித்திரை கொள்ளவில்லை. விலகி இடம் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஆரணியின் குரல் தமிழில் கேட்டது. "பெரியம்மா, பிஸ்கட் வைச்சது சாந்தியா?"

அக்கா அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "ஓம் மகள்" என்றாள். "வாய்க்கால் வெட்டினது?" "அவளும் நானும்." "குடத்தோட ஓடினது?" "அவள்தான். பெரிய களவாணி அவள்." ஆரணி ஒவ்வொன்றாகக் கேட்டாள், அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். இடையில் அக்கா சிரித்தாள், இடையில் மூக்கை உறிஞ்சினாள். என்னை ஒருவரும் அந்தக் கதைக்குள் கூப்பிடவில்லை. நான் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த தறப்பாளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

6

விடிய அக்கா அடுப்பு மூட்டினாள். ஆரணி கடற்கரையில் அக்காவின் கணவர் வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

அவள் தேத்தண்ணியை ஆற்றினாள். "நீ கொட்டிலில இருந்தனீ எண்டு சொன்னது எனக்குப் பறவாயில்லை. எத்தினை சனம் எத்தினையைச் சொல்லி அங்கால போயிருக்குது. போய்ச் சேர்ந்தாச் சரி." தேத்தண்ணிப் பேணியை என்னிடம் தந்தாள். "ஆனா கலா, பிள்ளை நேற்று அந்தப் பள்ளிக்கூடத்தில பேசினதைச் சொன்னவள். அதில பாய் இருக்கு, கம்பு இருக்கு, நான் இருக்கிறன். சாந்தியை எங்க விட்டனீ? என்ர கதையை எடுத்தனீ எண்டா அவளையும் எல்லோ கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்."

சாவைச் சொன்னால் கேள்வி கூடும், படிவம் கூடும், அதுதான் விட்டேன். அதை அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

"நேற்று மத்தியானம் நீ கேட்டபடியால அவளை உனக்குக் குடுத்தன்" என்றாள். "குடுத்திட்டு எனக்கு நெஞ்சுக்குள்ள சரியில்லை. நல்லகாலம், பிள்ளை திருப்பி வாங்கித் தந்திட்டாள்."

நோர்வேக்குத் திரும்பிய முதல் கிழமையே ஆரணி இங்காவிடம் நேரம் கேட்டு எடுத்துவிட்டாள், எனக்குச் சொல்லாமல். "நீங்கள் சொல்லுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றாள். வழியில் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் தனியே போய் இருந்தாள்.

நான் சொன்னேன். நான் தறப்பாளுக்குக் கீழே இருந்ததில்லை, இருந்தது வசந்தி அக்காவும் சாந்தியும், சாந்திக்குப் பதினொரு வயது, அங்கே காய்ச்சலில் செத்தாள், ஒரு நாள் நில்லென்று அவர்கள் கேட்டும் நான் நிற்கவில்லை. இந்த முறை நொஸ்க் தடக்கித் தடக்கித்தான் வந்தது. கோப்பி ஆறிப்போனது. இங்கா கோபப்படவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் நான் ஒவ்வொரு வசனமும் சொல்லி முடிக்கிறபோது அவள் கண் ஆரணியிடம் போனது. பிள்ளை தலையாட்டிய பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.